மேப்பிளுக்குத் தென்னைக்குழி

மார்ச் 31

வந்து ஒரு வாரம் ஆகிவிட்டது. இன்றுதான் எழுத உட்கார்ந்தேன். ஆனைமலையில் தோப்பில் இருந்தால் எந்த வரிசைக்குத் தண்ணீர் பாய்ந்தது, எந்த மரத்தில் வண்டு விழுந்தது என்று எழுத ஏதாவது இருக்கும். இங்கே என்ன எழுதுவது? காலையில் காற்று. மத்தியானம் காற்று. சாயங்காலம் காற்றோடு மண்.

ஊரெல்லாம் அமெரிக்கா போகிறேன் என்று பீற்றிக்கொண்டு வந்தேன். மகன் தரணி குடியிருக்கும் எல் பாசோ டெக்சாஸின் மேற்கு மூலையில் இருக்கிறது. கிணத்துக்கடவுக்குக் கிழக்கே உள்ள மேட்டுக்காடு இதைவிடத் தேவலாம், அங்கே வேலிக்கருவேலமாவது இருக்கும். இந்த ஒரு வாரத்தில் நான் பார்த்த பச்சை, ஃப்ரிட்ஜில் இருந்த கொத்தமல்லி ஒன்றுதான். என் வீட்டுக்காரி பூவாத்தாளிடம் சொன்னேன். "வந்த எடத்துல வாயை வெச்சுக்கிட்டுச் சும்மா இருங்க" என்றாள். முப்பத்தைந்து வருஷமாக இதையேதான் சொல்கிறாள்.

ஏப்ரல் 2

மருமகள் மயூரி ஒரு மரம் வாங்கி வந்திருக்கிறாள். என் தோள் உயரம், தொட்டியோடு. மேப்பிளாம்.

மயூரியின் பெற்றோர் யாழ்ப்பாணத்திலிருந்து கனடாவுக்குப் போனவர்கள். இவள் வளர்ந்ததெல்லாம் டொராண்டோவில். தெருவெல்லாம் இந்த மரம்தானாம், இலையுதிர் காலத்தில் பற்றி எரிகிற மாதிரி சிவக்குமாம். கல்யாணமாகி இங்கே வந்ததும் ஆசை ஆசையாக ஒரு ஜப்பான் மேப்பிளை வைத்தாள். முதல் கோடையிலேயே அப்பளம் மாதிரி பொரிந்துபோயிற்று. இது வேறு ஜாதி. காரில் இரண்டு மணி நேரம் போனால் வரும் மலைப் பள்ளத்தாக்கில் தானாகவே வளர்வதாம். சுண்ணாம்பு மண், வறட்சி எல்லாவற்றையும் தாங்குமாம். நர்சரிக்காரர் அக்டோபரில் நடுவது நல்லது என்று சொல்லியும் இவளுக்குப் பொறுக்கவில்லை.

"சனிக்கிழமை நடுவம் மாமா. குழி ஆழமா வேண்டாமாம். தொட்டி உயரத்துக்கு மட்டும், ஆனா நல்ல அகலமா. வேர் பிரியிற இடம் மண்ணுக்கு மேல தெரிய வேணுமாம்" என்றாள்.

சரிங்க என்று தலையாட்டினேன். எனக்கா மரம் நடக் கற்றுக்கொடுக்கிறார்கள்!

ஏப்ரல் 4

சனிக்கிழமை வரை யார் சும்மா உட்கார்ந்திருப்பது? இருவரும் வேலைக்குப் போனதும் கடப்பாரையை எடுத்தேன். ஒரு முழத்துக்குக் கீழே நம்ம ஊர்ச் சுண்ணாம்புச் சுக்காங்கல் அப்படியே இருக்கிறது. பழைய சொந்தக்காரனை வெளியூரில் பார்த்த மாதிரி ஒரு சந்தோஷம். விடாமல் இடித்து, முறையாக மூன்றடிக் குழி எடுத்தேன். வறண்ட பூமியில் மரம் ஆழத்தில் உட்கார்ந்தால்தான் வேர் குளிர்ச்சியாக இருக்கும், ஊற்றுகிற தண்ணீரும் குழிக்குள் நிற்கும். நான் வைத்த தென்னை எதுவும் பட்டுப்போனதில்லை. அடியில் போட வேண்டியதைப் போட்டு, கன்றைக் கழுத்துவரை இறக்கி, சுற்றிலும் வட்டப்பாத்தி கட்டினேன். பார்க்கக் கோயில் தெப்பக்குளம் மாதிரி இருந்தது.

சாயங்காலம் மயூரி வந்து பார்த்தாள். கைப்பையைக்கூடக் கீழே வைக்காமல் நின்றாள்.

"ஆழம் கொஞ்சம் கூடிப்போச்சோ மாமா?"

"நீ கவலைப்படாத அம்முணி. இது என்ற பொறுப்பு."

"ஓம். பரவாயில்லை மாமா. நல்லா இருக்கு" என்று சிரித்துவிட்டு உள்ளே போனாள். சந்தோஷத்தில் பேச்சு வரவில்லை போல.

ஏப்ரல் 5

இரண்டு கையிலும் கொப்புளம். பூவாத்தாள் மஞ்சள் வைத்துக் கட்டிவிட்டு, வாய் ஓயாமல் திட்டினாள்.

ஏப்ரல் 21

தரணி கடைக்குக் கூட்டிப்போனான். திரும்பும்போது காரை வீட்டுக்கு முன்னால் நிறுத்தியும் இறங்கவில்லை.

"அப்பா, ஒண்ணு சொல்றனுங்க. அம்மாகிட்ட இப்ப வேண்டாம். மயூரி முன்னால வேலை பார்த்த ஆஸ்பத்திரில திரும்பக் கூப்பிடறாங்க. டொராண்டோவுல. அக்டோபருக்குள்ள சொல்லோணும்."

"நீ?"

"என்ற வேலை இங்கதானுங்களே. அங்க கிடைக்கற வரைக்கும் அவ அங்க, நான் இங்க. எப்பக் கிடைக்குமோ தெரியாது."

கல்யாணமாகி மூன்று வருஷம்கூட ஆகவில்லை. சண்டையா என்று கேட்டேன். இல்லையாம். அவள் நல்லபடியாகத்தான் இருக்கிறாளாம், இந்த ஊர்தான் அவளுக்கு ஒட்டவில்லையாம். "இந்த மண்ணில எதுவும் வேர் பிடிக்கேல்ல, நானும் பிடிக்கேல்ல. இந்த மரமும் போச்சுதெண்டால் நான் இனி இங்க ஒண்டும் நடமாட்டன்" என்று ஒரு நாள் சொன்னாளாம். அதை அவள் மாதிரியே சொல்லிக் காட்டினான். சொல்லும்போது ஸ்டியரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தான்.

போயும் போயும் ஒரு மரத்தின் மேலா குடும்பத்தைக் கட்டி வைப்பார்கள்? நல்ல கூத்து. சாயங்காலம் மரத்துக்கு ஒரு குடம் தண்ணீர் சேர்த்து ஊற்றினேன்.

மே 7

துளிர் விட்டிருக்கிறது! விரல் விரித்த குழந்தைக் கை மாதிரி இலை, ஓரம் வளைந்து வளைந்து.

இப்போதெல்லாம் காலையில் மயூரி தேநீரோடு மரத்துப் பக்கம் வந்து நிற்கிறாள். அவள் பாஷையில் தேத்தண்ணி. நானும் என் காபியோடு போய்விடுகிறேன். பூவாத்தாளை அவள் மாமி என்று கூப்பிடுவதும், பூவாத்தாள் "அத்தைன்னு சொல்லு சாமி" என்று திருத்துவதும், "ஓம் மாமி" என்று அவள் மறுபடி சொல்வதும் தினமும் நடக்கிறது. நல்ல பெண். ஆனால் எதற்கெடுத்தாலும் பரவாயில்லை, பரவாயில்லை. அவள் தேநீரில் நான் சீனியை அள்ளிக் கொட்டினாலும் பரவாயில்லை, மாவு அரைக்கிற மிக்சியைப் பூவாத்தாள் புகைய வைத்தாலும் பரவாயில்லை. வீட்டுக்கு வந்த விருந்தாளியிடம் பேசுகிற பேச்சு அது. அல்லது விருந்தாளி பேசுகிற பேச்சு.

வாரம் ஒரு தடவை குழாயை மெதுவாகத் திறந்துவிட்டு ஆழமாக நனைத்தால் போதுமாம். சரி என்றேன். அவர்கள் வேலைக்குப் போனதும் தினமும் ஒரு வாளி நான் தனியாக ஊற்றுகிறேன். பிள்ளை தாகமாக இருக்கும்போது எப்படிப் பார்த்துக்கொண்டிருப்பது?

மே 26

இலை ஓரங்கள் கருகுகின்றன. வெயில்தான், வேறொன்றுமில்லை. நம்ம மருந்தை இன்னும் ஒரு கைப்பிடி, பாத்தியைச் சுற்றிப் போட்டேன்.

ஜூன் 3

பாதி இலை பழுப்பு. தரணி மரத்தைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், காரை எடுத்துக்கொண்டு போனான்.

ஜூன் 9

இதை எழுதாமல் விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன்.

மத்தியானம் சமையலறையில் மயூரி அழுதுகொண்டிருந்தாள். சத்தமில்லாமல், பாத்திரம் கழுவுகிற தொட்டியைப் பிடித்துக்கொண்டு. பூவாத்தாள் முதுகைத் தடவிக்கொண்டு நின்றாள். மரத்தைப் படம் எடுத்து நர்சரிக்கு அனுப்பினாளாம். தண்ணீர் அதிகமாகியிருக்கும், இல்லாவிட்டால் மண்ணில் ஏதோ இருக்கிறது என்றார்களாம்.

"நான்தான் மாமி பிழை விட்டுட்டன். அண்டைக்குக் குழாயைத் திறந்துவிட்டுட்டு நித்திரையாப் போனன். என்ர கைக்கு ஒண்டும் வராது" என்றாள்.

நான் வாசல்படியிலேயே நின்றுவிட்டேன்.

ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னால் பூவாத்தாள் என்னைக் கராஜுக்குள் கூட்டிப்போனாள். இந்த ஊர்த் தண்ணீர் சோப்பு நுரைக்காத சப்பைத் தண்ணீர், அதைப் பதப்படுத்த ஒரு எந்திரம் வைத்திருக்கிறார்கள், அதற்கு மூட்டை மூட்டையாகக் கல்லுப்பு. ஒரு மூட்டையைக் காட்டினாள்.

"இதை யாரு பிரிச்சது?"

நான் மூட்டையின் வாயை இழுத்து மடித்தேன்.

"ஏனுங்க, தென்னைக்குப் போடற மாதிரி அந்தக் குழிக்குள்ள உப்பைப் போட்டுட்டீங்களா?"

போட்டேன். இங்கேயே எழுதிவிடுகிறேன். குழிக்கு அடியில் இரண்டு பெரிய கைப்பிடி, மேலே ஒரு கைப்பிடி. எங்கள் பக்கம் தென்னைக்குழியில் உப்புப் போடாமல் யார் கன்று வைப்பார்கள்? ஈரம் நிற்கும், கரையான் அண்டாது. என் அப்பா போட்டார், நான் போட்டேன். தென்னை கடற்கரையிலேயே வளர்கிற ஜாதி. இது மலைக்காட்டு மரம், உப்பென்றால் விஷம். இது என் புத்திக்கு எட்டவில்லை. எட்டவில்லை என்றுகூடச் சொல்ல முடியாது. அந்தப் பெண் சொன்னபோது காது கொடுத்துக் கேட்டிருந்தால் போதும்.

"நாளைக்கு அவகிட்டச் சொல்லிப்போடுங்க. அந்தப் புள்ள தன்னையே வைஞ்சுக்கிட்டுக் கிடக்குது. நீங்க சொல்லலைன்னா நான் சொல்லிப்போடுவேன்" என்றாள் பூவாத்தாள்.

ஜூன் 10

சொன்னேன். நால்வரும் சாப்பிட உட்கார்ந்தபோது, தட்டைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். ஆழம், தினமும் ஊற்றிய வாளி, உப்பு.

தரணி "அப்பா!" என்று எழுந்துவிட்டான். மயூரி அவன் கையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

"ஏன் மாமா எனக்குச் சொல்லேல்ல?"

"தெரியும்னு நெனச்சுப்போட்டேன் அம்முணி."

"பரவாயில்லை மாமா" என்றாள். தட்டை எடுத்துக்கொண்டு போய்க் கழுவி வைத்துவிட்டு அறைக்குள் போய்விட்டாள்.

அதற்குப் பதில் என்னைச் செருப்பால் அடித்திருக்கலாம்.

ஜூன் 11

விடியும்போது வெளியே மண்வெட்டிச் சத்தம். எழுந்து போய்ப் பார்த்தால் மயூரி பாத்தியை உடைத்துக்கொண்டிருக்கிறாள். வேலைக்கு லீவு சொல்லிவிட்டாளாம். நான் போய்ப் பக்கத்தில் நின்றேன். என்னைப் பார்க்காமலே, "வேரை அறுக்காமல் எடுக்க வேணும். உங்களுக்குத் தெரியுமோ?" என்றாள்.

தெரியும். இது எனக்கு உண்மையிலேயே தெரியும்.

வெயில் ஏறுவதற்குள் கன்றை மண்கட்டியோடு தூக்கினோம். தென்னங்கன்றுகளை இந்தத் தோளில் எத்தனை சுமந்திருப்பேன், இதை மட்டும் பச்சைப்பிள்ளை மாதிரி நெஞ்சோடு அணைத்துப் பிடித்தேன். வேரை நல்ல தண்ணீரில் அலசினோம். பழைய குழியை விட்டுப் பத்தடி தள்ளி, அவள் சொன்ன அகலத்தில், அவள் சொன்ன ஆழத்தில் மட்டும் நான் வெட்டினேன். அவள் ஸ்கேல் வைத்து அளந்தாள். வேர் பிரிகிற இடம் மண்ணுக்கு மேலே தெரிய நட்டு, மரத்தூள் பரப்பி, அடிமரத்தில் அது படாமல் விலக்கிவிட்டாள்.

வெயிலுக்கு மறைப்பு வேண்டும் என்றாள். என் எட்டு முழ வேட்டியைக் கொண்டுவந்து நான்கு குச்சியில் கட்டினேன்.

பூவாத்தாள் மோர் கொண்டுவந்து இருவருக்கும் கொடுத்தாள். மயூரி ஒரே மூச்சில் குடித்தாள்.

ஜூன் 12

உடம்பெல்லாம் வலி. ஆனாலும் ராத்திரி நன்றாகத் தூங்கினேன்.

ஜூலை 1

கடைசி இலையும் விழுந்துவிட்டது. வேட்டிப் பந்தலுக்குக் கீழே ஒரு குச்சி நிற்கிறது. எதிர்வீட்டுக்காரர் என்ன விழா என்று தரணியிடம் கேட்டாராம்.

மயூரி தண்ணீர் விடும் நாளில் மட்டும் விடுகிறாள். விரலை மண்ணுக்குள் விட்டு ஈரம் பார்த்துவிட்டுத்தான் குழாயைத் திறக்கிறாள். எனக்குக் கை அரிக்கிறது. வாளியைக் கராஜில் கவிழ்த்து வைத்துவிட்டேன்.

ஜூலை 19

மழை! சாயங்காலம் மேற்கே மலை கறுத்தது, அரை மணி நேரம் கொட்டித் தீர்த்தது. இங்கே மழை விட்டதும் காட்டுப் புதர்களிலிருந்து ஒரு வாசனை வருகிறது. மருந்துக் கஷாயம் மாதிரி, ஆனால் நல்ல வாசனை. நாங்கள் நால்வரும் வெளியே போய் நனைந்தோம். தரணி சின்னப் பையன் மாதிரி வாயைத் திறந்துகொண்டு நின்றான். பூவாத்தாள் தடுமம் பிடிக்கும் என்று கத்திக்கொண்டே தானும் நனைந்தாள்.

மயூரி மரத்தின் மேல் கிளையை நகத்தால் கீறிப் பார்த்தாள். பட்டைக்கு அடியில் பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது, பழுப்பென்றால் போயிற்று. பழுப்பு. அதற்குக் கீழே ஒரு இடம். பழுப்பு. இன்னும் கீழே கையைக் கொண்டுபோனவள் நிறுத்திக்கொண்டாள்.

"இண்டைக்கு வேண்டாம் மாமா. மழை பெய்த நாள். சந்தோசமா இருப்பம்."

ஆகஸ்ட் 4

இன்று கீறினாள். என்னையும் கூப்பிட்டாள். நடுத்தண்டில் பழுப்பு. முழங்கால் உயரத்தில் கீறினாள். பச்சை! தளதளவென்று பச்சை! நான் கத்தின கத்தலில் பூவாத்தாள் கரண்டியோடு ஓடிவந்தாள்.

சந்தோஷம் அடங்குவதற்குள் மயூரி பெரிய கத்தரியைக் கொண்டுவந்து, பச்சைக்குக் கொஞ்சம் மேலே, மரத்தின் தலையை வெட்டப்போனாள். தென்னைக்கு ஒரே ஒரு குருத்துதான். தலையை வெட்டினால் மரம் முடிந்தது, அப்புறம் கும்பிட்டாலும் வராது. கை நீட்டிவிட்டேன். வேண்டாம் என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அவள் நிறுத்தி, என்னைப் பார்த்தாள்.

கையை மடக்கிக்கொண்டேன். "வெட்டு அம்முணி" என்றேன்.

வெட்டினாள். முழங்கால் உயரக் கட்டை நிற்கிறது.

ஆகஸ்ட் 16

ஒன்றுமில்லை. தோசை மாவு பொங்கி ஃப்ரிட்ஜெல்லாம் வழிந்தது. துடைத்தேன்.

ஆகஸ்ட் 28

காலையில் பல் விளக்கிக்கொண்டே போய்ப் பார்த்தேன். கட்டையின் ஓரத்தில் மிளகு அளவுக்கு ஒரு முண்டு. நேற்று இல்லை. பக்கத்தில் இன்னொன்று. கிட்டக் குனிந்து பார்த்தால் நுனியில் செக்கச்செவேல் என்று ஒரு துளிர்.

வாய் நிறைய நுரையோடு அவர்கள் அறைக் கதவைத் தட்டிவிட்டேன். மரியாதை கெட்ட செயல்தான். மயூரி கலைந்த தலையோடு வெறுங்காலில் ஓடிவந்து மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். துளிரைத் தொடவில்லை, பார்த்துக்கொண்டே இருந்தாள். அப்புறம் என் முகத்தைப் பார்த்து, "மாமா, வாயைக் கழுவிப்போட்டு வாங்கோ" என்று சிரித்தாள்.

இந்த வீட்டில் யாராவது என்னிடம் இப்படிப் பேச வேண்டும் என்றுதான் காத்திருந்தேன் போலிருக்கிறது.

செப்டம்பர் 15

எட்டு இலை. ஆனாலும் டொராண்டோ பற்றிப் பேச்சே இல்லை. தரணியும் கேட்கவில்லையாம். கேட்டால் போய்விடுவாளோ என்று பயம் அவனுக்கு. நேற்று அவள் தன் அம்மாவிடம் போனில் நெடுநேரம் பேசினாள். ஜன்னல் ஓரமாகக் காதை வைத்துக்கொண்டு நின்ற என்னைப் பூவாத்தாள் தொடையில் கிள்ளி இழுத்துப்போனாள். தரணி இதற்குள் அவளிடமும் விஷயத்தைச் சொல்லியிருந்தான்.

இவர்கள் இரண்டு ஊரில் பிரிந்து கிடக்கப்போகிறார்களா என்று தெரியாமல் நான் எப்படி விமானம் ஏறுவது? மரம் பிழைத்துவிட்டது. அது போதும் என்று சொன்னால் பொய்.

செப்டம்பர் 22

நாளை மறுநாள் கிளம்புகிறோம். பெட்டியில் பூவாத்தாள் ஏற்றுவதும் நான் இறக்குவதுமாக இருந்தபோது மயூரியின் கார் வந்தது. பின்கதவு மூடவில்லை, கயிறு போட்டுக் கட்டியிருந்தாள். உள்ளே சாய்ந்துகிடந்தது இன்னொரு மேப்பிள்.

"இது எதுக்கு அம்முணி? அதுதான் பொழைச்சுக்கிச்சே!"

"அது முன்னுக்கு மாமா. இது பின் வளவுக்கு, குசினி யன்னலுக்கு நேர. பின்னேரம் அந்தப் பக்கம்தான் வெயில் கொளுத்துது."

"சமையக்கட்டு ஜன்னலுக்கு நெழல் விழ எத்தனை காலம் ஆகுமாம்?"

"பத்து வருசம் எண்டு சொன்னவை. கூடவும் எடுக்குமாம்."

"பத்து வருசமா? அடக் கொடுமையே!"

"எடுத்தா எடுக்கட்டும். நாங்கள் இங்கதானே இருக்கப்போறம்" என்று சொல்லிக்கொண்டே கயிற்றை அவிழ்த்தாள்.

தரணி கதவருகில் நின்றுகொண்டிருந்தான். அவனுக்கும் இப்போதுதான் தெரிகிறது. "டொராண்டோ?" என்று கேட்டான். "காலமை எழுதி அனுப்பிட்டன், வரேல்ல எண்டு. இதைப் பிடியுங்கோவன், பாரமா இருக்கு" என்றாள். பிடிக்கப்போனவன் மரத்தை விட்டுவிட்டு அவளைப் பிடித்துக்கொண்டான். பெற்றவர்கள் நிற்கிறோம் என்ற கூச்சம்கூட இல்லை. பூவாத்தாள் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன், எழுத என்ன வெட்கம்?

அழுத வேகத்தில் நேராகக் கராஜுக்குப் போய்க் கடப்பாரையைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் போனேன்.

"வையுங்கோ மாமா! தொடாதேங்கோ!" மயூரி போட்ட சத்தத்தில் எதிர்வீட்டு நாய் குரைத்தது. "போய் அந்தக் கதிரையில இருங்கோ. நான் சொல்லுமட்டும் எழும்பக்கூடாது!"

இந்த ஆறு மாதத்தில் என்னைப் பார்த்து அவள் குரலை உயர்த்தியதே இல்லை. போய் நாற்காலியில் உட்கார்ந்தேன். எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

குழியை அவளே வெட்டினாள், தாம்பாளம் மாதிரி அகலமாக, ஆழமில்லாமல். கல் வந்த இடத்தில் மட்டும் தரணி இடித்துக் கொடுத்தான். நான் உட்கார்ந்த இடத்தைவிட்டு எழவில்லை. எல்லாம் முடிந்த பிறகு, குழாயைப் பிடிக்கச் சொல்லிக் கூப்பிட்டாள். போதும் என்று அவள் சொல்கிறவரை பிடித்தேன்.